ஜெயித்த ஆட்டத்துக்கு ஏன் பதினைந்தாயிரம்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஊரை மட்டும் சொல்கிறேன். பெயர், டீம், லீக் எதையும் போடப் போவதில்லை. கடிதம் நீளமானது என்பதால் சுருக்கித் தருகிறேன்.

வயது 24. அண்ணா ஸ்டேடியத்தில் கூடைப்பந்து ஆடி வளர்ந்தவர், பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர். இந்த சீசனில் தனியார் லீக் ஒன்றில் ஒரு டீம் எடுத்திருக்கிறது. கேம்ப் புதுச்சேரியில், முத்தியால்பேட்டை பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில். ரூம்மேட் வெளிநாட்டு வீரர், அமெரிக்கர், ஆறடி ஒன்பது அங்குலம், அமெரிக்காவில் காலேஜ் வரைக்கும் ஆடிவிட்டு அப்புறம் நாலைந்து நாட்டு லீக்குகளில் சுற்றியவர். அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை, பாஸ்போர்ட் 'விசா வேலைக்காக' மேனேஜரிடம் இருக்கிறது. டோர்னமென்ட் காலத்திலிருந்து தம்பிக்குத் தெரிந்த ஓர் அண்ணன் இரண்டு பேரையும் பீச் ரோடு பக்கம் சாப்பிடக் கூட்டிப்போயிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும், "அவர்கிட்ட சொல்லு தம்பி, மேட்ச்சை ஜெயிங்க, யாரு வேணாம்னா, பத்து பாயின்ட்டுக்கு மேல மட்டும் போக வேணாம்" என்றாராம். தம்பி அதை இங்கிலீஷில் சொல்ல, ரூம்மேட் சிரித்தாரே தவிர ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மேட்ச்சில் அந்த ரூம்மேட் எட்டு ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகத் தடுப்பார் இல்லாமல் போடும் ஷாட்) ஆறைக் கோட்டை விட்டார், கடைசி குவார்ட்டரில் கணுக்கால் வலி என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டீம் ஏழு பாயின்ட்டில் ஜெயித்தது. ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பியின் ஜிபேயில் 15,000 ரூபாய் விழுந்தது. குறிப்பில் ஒரே வார்த்தை: 'ஷூ'.

கேப்டனிடம் சொன்னதற்கு, "வெளிநாட்டுக்காரன் வருவான் போவான், நீ வாயைத் திறந்து உன் பொழப்பைக் கெடுத்துக்காத" என்றாராம். தம்பி கேட்பது மூன்று. ஜெயித்த மேட்ச் எப்படி ஊழலாகும்? சொன்னால் ரூம்மேட்டின் கதி என்ன? பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் முடிந்துவிடாதா?

தம்பி, நான் வக்கீல். அதற்கு முன்னால் யுனிவர்சிட்டி வரைக்கும் ஆடியவள், உப்பளம் மைதானத்தில் ஸ்கோர் டேபிளில் உட்கார்ந்து விசில் சத்தத்திலேயே வயசைக் கழித்தவள். இரண்டு தொழிலையும் சேர்த்து வைத்துச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி ரூம்மேட்டைப் பற்றித்தான் இருக்கிறது. அவர் சிரித்தார், அவர் ஃப்ரீ த்ரோவை விட்டார், அவர் உட்கார்ந்தார். பணம் யாருக்கு வந்தது? உங்களுக்கு. அந்த அண்ணன் வலை விரித்தது ஆறடி ஒன்பது அங்குலத்துக்கு இல்லை, உங்களுக்குத்தான்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வெளிநாட்டுக்காரர் இன்னும் ஆறு வாரத்தில் விமானம் ஏறிவிடுவார், அடுத்த வருஷம் எந்த நாட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. நீங்கள் இங்கேயே இருப்பீர்கள். பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் என்று இன்னும் பத்து வருஷம் டோர்னமென்ட் ஆடுவீர்கள், எந்த டீமில் யாருக்கு முட்டி வலி, யாருக்கும் கோச்சுக்கும் சண்டை என்பதெல்லாம் உங்கள் காதுக்கு வரும். அப்படிப்பட்ட ஆளைப் பதினைந்தாயிரத்துக்குப் பிடித்தால் மலிவு. அது மட்டுமில்லை, பாயின்ட் வித்தியாசத்தைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் ரூம்மேட் போலக் கூடைக்குக் கீழே நிற்கும் சென்டரா, பந்தைக் கொண்டுவரும் கார்டா? இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எட்டுப் பாயின்ட் முன்னால் இருக்கும்போது கடைசி மூன்று நிமிஷத்தில் பந்தைச் சாவகாசமாகக் கொண்டுவந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு ஷாட்டுக்குத் தரும் 24 செகண்டையும் கரைத்துவிட்டு ஒரு ஷாட் எடுத்தால் போதும், ஸ்கோர் அங்கேயே நிற்கும். கேலரியில் ஒருத்தர் சந்தேகப்பட மாட்டார். கோச் கைகூடத் தட்டுவார். சென்டர் ஃப்ரீ த்ரோவை விட்டால் ஊருக்கே தெரியும், கார்டு மெதுவாக நடந்தால் 'பொறுப்பான பையன்' என்பார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பலமான டீமும் நோஞ்சான் டீமும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஆள் வராது, அதுதான் முன்னாலேயே தெரிந்துவிட்டதே. அதனால் எத்தனை பாயின்ட்டில் ஜெயிப்பார்கள் என்று கட்டுவார்கள். உங்கள் டீம் பத்தரைக்கு மேல் ஜெயிக்குமா, கீழேயா? கீழே என்று கட்டியவனுக்கு நீங்கள் ஏழில் ஜெயித்தாலும் லாபம், தோற்றாலும் லாபம். இதற்கு அமெரிக்காவில் பாயின்ட் ஷேவிங் என்று பெயர், பாயின்ட்டைச் சிரைப்பது. புதுசு கிடையாது. 1950-இல் அங்கே கல்லூரிகளுக்கான இரண்டு பெரிய கோப்பைகளையும் ஒரே வருஷத்தில் தூக்கிய நியூயார்க் சிட்டி காலேஜ் டீமின் ஆட்கள் மறுவருஷமே இதற்காகத்தான் கைதானார்கள். ஜெயிக்கத் தெரிந்த டீமைத்தான் இதற்குத் தேடி வருவார்கள், அடிக்கடி தோற்கிற டீமிடம் சிரைக்க என்ன இருக்கிறது?

இப்போது அதைவிடச் சின்னதாகவும் செய்கிறார்கள். அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் டொராண்டோ ராப்டர்ஸுக்கு ஆடிய ஜான்டே போர்ட்டரை 2024 ஏப்ரலில் ஆயுளுக்கும் தடை செய்தார்கள். அவர் மேட்ச்சைத் தோற்கவைக்கவே இல்லை. அந்த வருஷம் ஜனவரியில் ஒரு ஆட்டம், மார்ச்சில் ஒரு ஆட்டம், இரண்டிலும் சில நிமிஷங்கள் ஆடிவிட்டு, காயம், உடம்பு சரியில்லை என்று வெளியே போனார். போர்ட்டர் இத்தனை பாயின்ட்டுக்குக் கீழேதான் எடுப்பார் என்று பணம் கட்டியவர்களுக்கு அது போதும். அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது சூதாட்டக் கடன். கடன் என்ற அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டும்.

'நான் பணம் கேட்கவில்லை, அதுவாக வந்தது, நான் ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் வாசல்வரை வந்தவனைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம் என்றுதான் பெரும்பாலான விளையாட்டு ஒழுங்கு விதிகள் எழுதியிருக்கின்றன. கிரிக்கெட்டில் வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் பத்துப் பைசா வாங்கவில்லை. புக்கி அணுகியதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2019 அக்டோபரில் இரண்டு வருஷத் தடை, அதில் ஒரு வருஷம் நிறுத்திவைக்கப்பட்டது. ஜிம்பாப்வேயின் பிரெண்டன் டெய்லர் கதை உங்களுக்கு இன்னும் கிட்டே வருகிறது. இந்தியாவுக்குக் கூப்பிட்டார்கள், ஸ்பான்ஸர் பேச்சு என்றார்கள், விருந்து வைத்தார்கள், விருந்தில் போதைப்பொருள் கொடுத்து வீடியோ எடுத்து மிரட்டினார்கள், 15,000 டாலரைக் கையில் திணித்தார்கள். மனுஷன் பயந்து ஊர் திரும்பினார், தானாகவேதான் ஐ.சி.சி.யிடம் சொன்னார், ஆனால் நாலு மாசம் கழித்து. 2022-இல் மூன்றரை வருஷத் தடை. அவர் எந்த மேட்ச்சையும் விற்கவில்லை என்று அவர் சொன்னதையும் மீறித்தான் அது.

உங்களுக்கு இன்றோடு ஐந்து நாள் ஆகியிருக்கிறது என்று கணக்குப் போடுகிறேன். ஐந்து நாளை விளக்கிச் சொல்லிவிடலாம், பயந்தேன், கேப்டனிடம் சொன்னேன், அவர் தடுத்தார் என்று. ஐந்து வாரத்தை முடியாது.

சரி, போலீஸ் கேஸ் ஆகுமா என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்வி போட்டிருக்கிறீர்கள். நம் நாட்டில் மேட்ச் ஃபிக்ஸிங்குக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சட்ட ஆணையம் 2018-இல் குற்றமாக்கச் சொன்னது, அதோடு நிற்கிறது. 2022 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் கர்நாடக பிரீமியர் லீக் கிரிக்கெட் வழக்கில், ஃபிக்ஸிங் அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு சொல்லும் மோசடிக்குள் வராது என்று குற்றப்பத்திரிகையை ரத்து செய்தது. இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். ஐ.பி.எல். ஃபிக்ஸிங் வழக்கில் சிக்கிய கிரிக்கெட் வீரர் ஸ்ரீசாந்தை டெல்லி கோர்ட் 2015-லேயே விடுவித்துவிட்டது, ஆனால் கிரிக்கெட் வாரியத்தின் தடை அப்படியே நின்றது, உச்ச நீதிமன்றம் வரை போய் ஆயுள் தடையை ஏழு வருஷமாகக் குறைத்துக்கொள்வதற்குள் ஒரு பந்து வீச்சாளரின் நல்ல வயசு போய்விட்டது. உங்களுக்கு அதைவிட மோசம். கூடைப்பந்து ஆடும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் எதற்காக ஓடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், இல்லையென்றால் அரசு வேலையில் மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீடு. ஃபெடரேஷன் தடை என்று ஒரு தாள் வந்தால் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. கோர்ட்டும் வேண்டாம், ஜெயிலும் வேண்டாம், அந்தத் தாள் ஒன்று போதும்.

அடுத்தது உங்கள் கேப்டனின் பொன்மொழி, வெளிநாட்டுக்காரன் வருவான் போவான். இதை நான் முப்பது வருஷமாகக் கேலரியில் கேட்கிறேன். வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் இறங்கினாலே, கூடைக்குக் கிட்டே போய்ப் போடும் லே-அப் ஒன்றை விட்டதும் 'வித்துட்டான்யா' என்று ஒரு குரல் வரும். ஆனால் வெளியே வந்த பெரிய விவகாரங்களைப் பாருங்கள். கொரியாவில் 2013-இல் கைதானவர் வெளிநாட்டு வீரர் இல்லை, ஒரு காலத்தில் அந்த நாடே கொண்டாடிய கார்டு, அப்போது வொன்ஜு டோங்பு டீமின் கோச், காங் டோங்-ஹீ. 2011-இல் சில ஆட்டங்களில் பெஞ்சு ஆட்களை இறக்கி ஆட்டத்தை வளைக்க புரோக்கர்களிடம் 4 கோடியே 70 லட்சம் வொன் வாங்கினார் என்பது வழக்கு, பத்து மாதச் சிறை, லீக்கிலிருந்து ஆயுள் தடை. சீனாவில் 2023 ஏப்ரலில் ஷாங்காய் டீமும் ஜியாங்சு டீமும் ஆடிய பிளே ஆஃபில், முன்னால் இருந்த ஜியாங்சு கடைசி ஒன்றரை நிமிஷத்தில் பந்தை வரிசையாகத் தூக்கிக் கொடுத்துத் தோற்றது. இரண்டு டீமையும் வெளியே அனுப்பி, ஆளுக்கு 50 லட்சம் யுவான் அபராதம் போட்டு, இரண்டு கோச்சுகளுக்கும் தடை விதித்தார்கள், ஒருவருக்கு ஐந்து வருஷம், இன்னொருவருக்கு மூன்று. பிலிப்பைன்ஸில் 2021-இல் ஒரு புது லீக்கில் சிகிஹோர், லாபு-லாபு என்ற இரண்டு தீவு டீம்கள் ஆடியதை நேரம் கிடைத்தால் தேடிப் பாருங்கள். தனியாக நின்று லே-அப்பை விடுகிறார்கள், ஃப்ரீ த்ரோவையும் கோட்டை விடுகிறார்கள், பாதி ஆட்டத்தில் 27-13, அதற்கு மேல் ஆட்டம் தொடரவே இல்லை. எல்லாம் அந்த ஊர்ப் பையன்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் சுத்தம் என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதே பிலிப்பைன்ஸில் அம்மா வழியிலோ பாட்டி வழியிலோ அந்த நாட்டு ரத்தம் என்று காகிதம் காட்டினால் இம்போர்ட், அதாவது வெளிநாட்டு வீரர் கணக்கில் வராமல் உள்ளூர் வீரராக ஆடலாம் என்று இருந்தது. பொய்ப் பாட்டிகள் நிறையக் கிளம்பி 2003-இல் செனட் விசாரணை வரை போனது, சில பேரை நாடு கடத்தினார்கள். (பிரெஞ்சு நேஷனாலிட்டிக்காகத் தாத்தாவின் காகிதத்தைத் தேடிப் பரணைக் கவிழ்த்த குடும்பங்கள் உள்ள ஊர் நம் புதுச்சேரி, பொய்ப் பாட்டி எப்படி உருவாகிறாள் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டாம்.) ஆனால் அங்கேயும் அமெரிக்காவிலிருந்து வந்த பையன் அந்த ஊர்ப் பதிவு அலுவலகத்தில் தானே போய்ப் பொய்ச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? கூட ஒரு உள்ளூர்க் கை இல்லாமல் முடியாது.

அதனால் உங்கள் ரூம்மேட் செய்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எட்டில் ஆறு விட்டதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என்.பி.ஏ.யில் ஆடிய ஷகீல் ஓ'நீலுக்கு மொத்த ஆட்ட வாழ்க்கையின் ஃப்ரீ த்ரோ சராசரியே நூற்றுக்கு 53 கூட இல்லை, அவரை யாரும் விலைபோனவர் என்று சொல்லவில்லை. கணுக்கால் வீக்கத்தை ஃபிசியோ பார்த்திருப்பார், அது அவர் நோட்டில் இருக்கும். அதை விசாரிப்பது உங்கள் வேலையில்லை. ரூமில் உட்கார்ந்து 'உனக்கும் பணம் வந்ததா' என்று கேட்கவே கேட்காதீர்கள், அந்த அண்ணனுக்கு ஃபோன் போட்டு ரெக்கார்ட் செய்கிறேன் என்று சினிமா வேலையும் வேண்டாம்.

அவர் விஷயத்தில் உங்களால் முடிந்த உருப்படியான காரியம் வேறு. அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்களே, அதைப் பெரிதாக்கிப் படித்தேன். மாதச் சம்பளம் டாலரில் தெளிவாக இருக்கிறது. அதற்கு இரண்டு வரி கீழே, சின்ன எழுத்தில், ஸ்பான்ஸர் தொகை டீமுக்கு வந்து சேர்ந்தபின் என்று ஒரு வால். தகராறு வந்தால் டீம் நிர்வாகத்தின் முடிவே இறுதி என்று இன்னொரு வால். இரண்டு மாதமாக அந்த மனுஷன் ஏன் சம்பளமில்லாமல் முட்டை தோசையில் நாளை ஓட்டுகிறார் என்பதற்குக் காரணம் அந்த இரண்டு வால்தான். கடன் என்ற வார்த்தையை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா, இதற்குத்தான். சம்பளம் நின்ற டீமை மோப்பம் பிடித்துத்தான் இந்த அண்ணன்மார் வருகிறார்கள், விருந்து வைக்கிறார்கள். உங்கள் கடிதத்தின் கடைசியில் 'எனக்கும் ஒரு மாசம் பாக்கி, அது பெரிசில்லை' என்று ஒரு வரி போகிற போக்கில் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிசாகப்பட்டது. ஷூ வாங்கப் பணம் என்று ஒருத்தன் அனுப்புகிறான் என்றால், உங்களுக்கு ஷூ வாங்கக்கூட டீம் பணம் தரவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள்? யோசியுங்கள், ஆனால் யாரையும் கேட்காதீர்கள்.

ஃபிபா என்று கூடைப்பந்துக்கான உலக அமைப்பு இருக்கிறது, கால்பந்து ஃபிஃபா இல்லை இது. அவர்களுடைய தீர்ப்பாயம் 2007-இலிருந்து ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டு, சம்பளம் கிடைக்காத வீரர்கள், கோச்சுகள், ஏஜென்டுகள் வழக்குகளை ஒரே நடுவரை வைத்து முடிக்கிறது. எந்த நாட்டுச் சட்டம் என்று புரட்டிக்கொண்டிருக்காமல் நியாயம் எதுவோ அதைப் பார்ப்பார்கள். தீர்ப்புக்குக் கட்டுப்படாத கிளப் புது வீரரைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடை போட முடியும், அதனால் பல நாடுகளில் கிளப்புகள் அதற்குப் பயப்படுகின்றன. ஆனால் அங்கே போக ஒப்பந்தத்தில் அந்தத் தீர்ப்பாயத்தின் பெயரோடு ஒரு ஷரத்து இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் இல்லை. மற்றப் பக்கங்களையும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவருடைய ஏஜென்டுக்கு ஃபிபா லைசென்ஸ் இருந்தால் அந்த ஆளுக்கு இது தெரிந்திருக்கும். ஷரத்து இல்லாவிட்டால் இங்கேயே வக்கீல் நோட்டீஸ், கொஞ்சம் இழுக்கும். வரி பிடித்துவிட்டோம், அதனால்தான் தாமதம் என்று மேனேஜர் கதை சொன்னால், வரி பிடித்ததற்குச் சான்றிதழ் கேட்கட்டும். இங்கே வந்து ஆடும் வெளிநாட்டு வீரருக்கு இருபது சதவீதம் வரி என்பது உண்மைதான், ஆனால் பிடித்ததைக் கட்டியிருந்தால் காகிதம் இருக்கும்.

பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு கூட இல்லை. அது அவருக்கும் சொந்தமில்லை, மேனேஜருக்கும் சொந்தமில்லை, அமெரிக்க அரசாங்கத்துச் சொத்து. கெஸ்ட் ஹவுஸ்காரர் வெளிநாட்டவர் தங்கியதை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்திருப்பார், அதற்கு நகல் போதும். திருப்பிக் கொடுங்கள் என்று மேனேஜருக்கு ஒரு மெயில், இரண்டு நாள் அவகாசம், தராவிட்டால் சென்னையில் ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு ஒரு மெயில். பெரும்பாலும் முதல் மெயிலிலேயே பாஸ்போர்ட் வந்துவிடும்.

நான் ஒன்று சொல்ல வேண்டும், பெருமைப்படுகிற விஷயமில்லை. பத்தொன்பது வயசில் வேறொரு பெண்ணின் பெயரில் ஒரு மாவட்டப் போட்டியில் ஆடினேன். கூட்டிப்போனவர் எங்களுக்கெல்லாம் ரொம்ப வேண்டியவர், பிரியாணி வாங்கிக் கொடுத்தார், பஸ் காசு என்று ஒரு கவரைக் கையில் வைத்தார், அதில் முந்நூறு ரூபாய் இருந்தது. எனக்கு அது தப்பாகவே படவில்லை. எல்லோரும் செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து அதே ஆள் எங்கள் டீமின் ஃபைனலுக்கு முதல் நாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் முடியாது என்றதும் அவர் கோபப்படவில்லை, "அந்தப் பேர் மாத்தி ஆடின ஸ்கோர் ஷீட் என்கிட்டதாம்மா இருக்கு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் நான் ஆடவில்லை, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். எங்கள் டீம் தோற்றது. அவர் கேட்டதை நான் செய்யாமலே செய்துவிட்டேன் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. உங்கள் பதினைந்தாயிரம் அந்த ஸ்கோர் ஷீட்தான் தம்பி. அவன் அடுத்த தடவை பணத்தோடு வர மாட்டான், ஸ்கிரீன்ஷாட்டோடு வருவான்.

மூன்றாவது கேள்விக்குப் பதில், திருப்பி அனுப்பாதீர்கள். இது கேட்க விசித்திரமாக இருக்கும். நீங்களாகத் திருப்பி அனுப்பினால் இரண்டு பேருக்கும் நடுவில் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று அவன் சொல்ல ஒரு ரசீது கிடைக்கும், தவிர அது எந்தக் கணக்கிலிருந்து சுற்றி வந்த பணமோ, அதைத் தொட்டால் சைபர் கிரைம் உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம், உங்கள் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணம் உட்பட. செலவு செய்யாமல், நகர்த்தாமல் அப்படியே விடுங்கள். முடிந்தால் உங்கள் செலவுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் ஒப்படைப்பது என்று விசாரிப்பவர்கள் எழுதித் தருவார்கள்.

இன்றைக்கே ஒரு மெயில் எழுதுங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் ஊழல் தடுப்பு அதிகாரி என்று யாராவது இருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் லீக் தலைமைக்கு, யாருக்கு அனுப்பினாலும் நகல் மாநிலக் கூடைப்பந்துக் கழகத்துக்கும் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்புக்கும். மேனேஜர் வழியாகப் போகாதீர்கள், கேப்டன் வழியாக நிச்சயம் வேண்டாம். தேதி, நேரம், ஹோட்டல், அவர் சொன்ன வார்த்தை அப்படியே தமிழில், நீங்கள் இங்கிலீஷில் எப்படிச் சொன்னீர்கள், ரூம்மேட் சிரித்தார் பேசவில்லை, பணம் வந்த நேரம், கேப்டனிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார். 'ரூம்மேட் ஃபிக்ஸ் செய்தார் என்று நினைக்கிறேன்' என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை வேண்டாம். நீங்கள் மொழிபெயர்த்தீர்கள் என்பதை மறைக்கவும் கூடாது, அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

அனுப்பியபின் அன்று ராத்திரியே ரூம்மேட்டிடம் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். நமக்கு இரண்டு பேருக்கும் சொல்லப்பட்டதை எழுதி அனுப்பிவிட்டேன், நீயும் உன் பங்குக்கு எழுது என்று. அனுப்புவதற்கு முன்னால் சொல்ல வேண்டாம், இரண்டு பேரும் கலந்து பேசி எழுதியது போல் ஆகிவிடும். கோபப்படலாம், ரூம் மாற்றச் சொல்லலாம். அவர் தப்புச் செய்யாதவர் என்றால் உங்கள் மெயில்தான் அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி, சாப்பாட்டு மேஜையில் அவர் சரி என்று சொல்லவில்லை என்பதற்கு. யாராவது மிரட்டினால் மட்டும் யோசிக்காமல் போலீஸ், முதலில் அங்கே, அப்புறம்தான் எனக்கு.

சனிக்கிழமை கடலூர் ரோட்டில் கோர்ட்டுக்கு வாருங்கள், உங்கள் ஊரிலிருந்து வருகிற பஸ்ஸிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஃபோனில் எதையும் அழிக்காமல், புது ஃபோன் வாங்கியிருந்தால் பழையதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட். அப்புறம், போன வாரம் உங்கள் சேமிப்பில் புதுசாக ஷூ வாங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்தப் பணம் வருவதற்கு முன்னாலா பின்னாலா? பில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள், அதில் உள்ள தேதியை நான் பார்க்க வேண்டும்.